வீடெல்லாம் ஒரே விரிசல்

கல்யாணமான புதிதில் கணவனைப் பிரிந்திருக்கும் பெண்ணின் கையில் யாரும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. கத்தியைக் கொடுக்கலாம், காய் நறுக்குவாள். கத்தரிக்கோலைக் கொடுக்கலாம், திரைச்சீலை வெட்டுவாள். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தால் மட்டும், எதையாவது கழற்றி மாட்டினால் தன் கஷ்டம் தீர்ந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றிவிடும். நான் கழற்றியது என் செல்போனை.

அப்போது நான் டில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். (இப்போதும் அதே அலுவலகம்தான். நாற்காலி மட்டும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.) தேர்வு எழுதித் தேறி, கோவில்பட்டியிலிருந்து ரயிலேறி வந்து, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். என் கணவர் முருகேசன் ராணுவத்தில் இருந்தார். கல்யாணம் முடிந்து அவருடைய லீவு தீரும்வரை ஊரில் ஒன்றாக இருந்தோம். அந்த லீவில் பாதி, சொந்தக்காரர்கள் வீட்டு விருந்துகளிலேயே போய்விட்டது. எந்த வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அவரிடம் தனியாக என்ன பேசினேன் என்று கேட்டால், "போதும்னு சொல்லுங்க அத்தான், இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு" என்று காதுக்குள் சொன்னதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பிறகு அவர் மலைக்குப் போய்விட்டார். எந்த மலை என்று அப்போது எனக்குச் சொல்லவில்லை. இப்போது தெரிந்தாலும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. குளிர் அதிகம், சிக்னல் குறைவு. அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மேலேயிருந்து ஒரு முகாமுக்கு இறங்கி வருவார். அங்கே குறிப்பிட்ட ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்றால் வீடியோ கால் கிடைக்கும். கொஞ்சம் நகர்ந்தாலும் போய்விடும். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் அதே பாறைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கும் அம்மா, மனைவி, பிள்ளை எல்லாம் உண்டு என்பதால், இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சவும் முடியாது.

அத்தனை பாடுபட்டு நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"ஆச்சு. அங்க குளிருதா?"

"இங்கயா? இங்க வேர்த்து ஊத்துது அத்தான். ஒங்களுக்குத்தான் குளிரும்."

"ஆமா, குளிருது."

இதற்குள் படம் நின்றுவிடும். பெரும்பாலும் அவர் கொட்டாவி விடும்போது பார்த்துத்தான் நிற்கும். அந்தப் பாதிக் கொட்டாவியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வரை ஓட்டுவேன். மெட்ரோவில் பக்கத்தில் நிற்கும் பெண்கள் தங்கள் போனில் சினிமா பார்ப்பார்கள். நான் கொட்டாவி பார்ப்பேன்.

பொங்கலுக்கு முன் அவருக்கு லீவு கிடைக்கும், அதற்கடுத்த மாற்றல் டில்லிக்கே வரலாம் என்று ஒரு பேச்சு வந்தது. பேச்சுதான், உத்தரவு இல்லை. நான் அன்றைக்கே விடுதியைக் காலி செய்வதென்று முடிவு செய்து, மயூர் விஹாரில் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, திரும்பினால் முழங்கை இடிக்கும் ஓர் அடுக்களை, ஒரு பால்கனி. அதே பிளாக்கில் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி சர்மா ஆன்ட்டி. சுவருக்கு மஞ்சள் நிறம் அடித்துத் தரச் சொன்னேன். அவர் உட்காருவதற்கென்று ஒரு மூங்கில் நாற்காலி வாங்கினேன். அதில் நான் உட்கார்ந்ததில்லை. காயப்போட்ட துணியை எடுத்து வந்து போட்டதுகூட இல்லை. கதவுக்குப் பின்னால் அவர் சட்டையை மாட்ட ஓர் ஆணி அடித்தேன். சட்டை வரவில்லை என்றாலும் ஆணி தயாராக இருந்தது.

இதையெல்லாம் அவருக்குக் காட்ட வேண்டும். அதுதான் என் ஒரே ஆசை. குடிவந்த வாரமே ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசினேன். அது நழுவி, ஈரத் தரையில் மல்லாக்க விழுந்தது. திரைக்கு ஒன்றுமில்லை. முன்பக்கக் கேமராவுக்கு ஒன்றுமில்லை. பின்பக்கக் கேமராவின் கண்ணாடி மட்டும் நொறுங்கி, அதைத் திறந்தால் வெறும் கறுப்புதான் தெரிந்தது.

முன்பக்கக் கேமராவையே திருப்பிக் காட்டினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். காட்டினேன். அப்போது திரை அந்தப் பக்கம் போய்விடுவதால் நான் எதைக் காட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஞாயிறு முழுக்க அவர் பார்த்தது மின்விசிறியின் ஓர் இறக்கை, என் கட்டைவிரல், கேஸ் சிலிண்டர்.

"சிலிண்டர் நல்லாருக்கு" என்றார் பாவம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டை அவர் பார்ப்பது மட்டும் எனக்குப் போதாது. முதல்முறையாகப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று நான் பார்க்க வேண்டும். அதற்குப் பின்பக்கக் கேமரா வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் பக்கத்து ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு நாள் ஆகும் என்றார். "பையா, ஜல்தி நஹீ ஹோ சக்தா?" என்று என் கோவில்பட்டி ஹிந்தியில் அவசரப்படுத்தினேன். அவர் மேசைமேல் குவிந்திருந்த போன்களைக் கையால் காட்டினார். இரண்டு நாள் என்றால் ஞாயிறு போய்விடும். ஒரு ஞாயிறு போனால் அந்தப் பாறை, அந்தக் குரல், அந்தக் கொட்டாவி எல்லாம் போய்விடும். "அப்படியானால் கேமராவை மட்டும் கொடுங்கள், நானே மாட்டிக்கொள்கிறேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சாலையை நடுவில் கடக்கும் மாட்டை டில்லி பஸ் டிரைவர் பார்க்கும் பார்வை. ஆனாலும் கேமராவையும், அதன்மேல் ஒட்டும் கண்ணாடியையும், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, முடியைக் காயவிட்டபடியே வேலையை ஆரம்பித்தேன். வழிகாட்டி, ஒரு ஹிந்தி வீடியோ. (அலுவலக லேப்டாப்பில் பார்த்தேன். அலுவலக வேலைக்கு அதை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.) அதில் ஆள் முகமே தெரியாது. இரண்டு கைகள் மட்டும் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கைகளுக்குரியவர், "பஹுத் ஆசான் ஹை", ரொம்ப சுலபம், என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் போனின் முதுகைச் சூடாக்க வேண்டும். உள்ளே இருக்கும் பசை இளகும். தலை காய வைக்கும் டிரையரால் சூடாக்கினேன். என் தலை ஈரமாக இருக்க, போனின் முதுகு காய்ந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் தகட்டை இடுக்கில் நுழைத்து மெல்ல நெம்ப வேண்டும். நெம்பினேன். படக்கென்று ஒரு சத்தம். "பஹுத் ஆசான் ஹை" என்றார் அவர்.

உள்ளே திறந்து பார்த்தேன். அத்தனை சின்னச் சின்ன ஸ்க்ரூக்கள். வரிசை மாறாமல் வைக்க வேண்டும் என்றார் வீடியோக்காரர். நான் புத்திசாலித்தனமாக அடுக்களையிலிருந்து அஞ்சறைப் பெட்டியை எடுத்து வந்தேன். சீரகம் தீர்ந்துபோன கிண்ணத்தில் மேல்வரிசை ஸ்க்ரூ, வெந்தயம் தீர்ந்ததில் கீழ்வரிசை. திட்டம் அருமையானது. ஒரு ஸ்க்ரூ துள்ளிக் கடுகில் விழும்வரை. கடுகைத் தட்டில் கொட்டி, கறுப்புக்குள் கறுப்பைத் தேடி ஒரு பாட்டம் உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது ஸ்க்ரூதான் என்று இன்றுவரை நம்புகிறேன். (அதற்கடுத்த வாரம் ரசத்தில் ஏதோ பல்லில் தட்டுப்பட்டது. அதைப் பற்றி நான் விசாரிக்கவில்லை.)

பழைய கேமராவை எடுத்தாயிற்று. புதியது சுண்டைக்காய் அளவுகூட இல்லை. வெளிச்சத்தில் பார்த்தபோது அதன் கண்ணாடிக்குள் ஒரு பொட்டுத் தூசி தெரிந்தது. அப்படியே மாட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர் வீட்டைப் பார்க்கும்போது நடுவில் தூசி இருக்கலாமா? கண்ணாடி இருந்த பாகம் மருந்து பாட்டில் மூடிபோலத் திருகும் வகையில் இருப்பதைக் கவனித்தேன். வீடியோவில் அந்தக் கைகள் இதைத் திருகவில்லை. நான் திருகினேன். வந்துவிட்டது. குனிந்து, உள்ளே வாயால் ஊதி, தூசி போனதை உறுதி செய்துகொண்டு, திரும்பத் திருகி மூடினேன். பிறகு கேமராவைப் பொருத்தி, முதுகில் புதுக் கண்ணாடி ஒட்டி, எல்லா ஸ்க்ரூவையும் போட்டு முடித்தபோது ஒன்று மிஞ்சியது. போன் கம்பெனிக்காரர்கள் கூடுதலாக ஒன்று போட்டிருப்பார்கள் என்று முடிவு செய்தேன்.

போனை ஆன் செய்தால், உயிர் வந்தது! பால்கனிக்கு ஓடிப்போய்த் தெருவைப் படம் எடுத்தேன். வேப்பமரம், அதன் கிளைகள், எதிர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே சிக்குப் பிடித்துத் தொங்கும் கேபிள் வயர்கள், எல்லாம் பளிச்சென்று விழுந்தன. பக்கத்திலிருக்கும் பொருள் மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. இருக்கட்டும், சுவர் தூரத்தில்தானே இருக்கிறது. ஒரு விண்கலத்தை ஏவிவிட்ட நிம்மதியில் அன்றைக்குத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டைப் பெருக்கித் துடைத்து, திரைச்சீலைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டு, கால் வருவதற்கு வெகு நேரம் முன்பே போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அழைப்பு வந்தது. கம்பளிக் குல்லாய்க்குள் அவர் முகம். பாறை.

"அத்தான், பின்னால கேமரா வேல செய்யுது! நானே மாத்திட்டேன்!"

"நீயா? எப்படிட்டி?"

"ரொம்ப ஈசி. இப்ப வீட்டப் பாருங்க."

கேமராவை மாற்றினேன். என் பக்கத்துப் படம் திரையின் ஓரத்தில் தபால்தலை அளவில் போய்விட்டது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா? இது ஹாலு. இந்தா பாருங்க, நாற்காலி. ஒங்களுக்குத்தான்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனையும். பிறகு கண்ணைச் சுருக்கினார். கையுறையால் திரையைத் துடைத்தார்.

"ஏட்டி, அந்தச் செவுரக் காட்டு."

சுவரைக் கவனித்துவிட்டார்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. "மஞ்சக் கலரு. நான்தான் அடிக்கச் சொன்னேன். புடிச்சிருக்கா?"

"அடுத்த ரூமக் காட்டு."

காட்டினேன். சிரிப்பு போய்விட்டது.

"அடுக்களையக் காட்டு. மேல காட்டு, மேல!"

அடுக்களையின் கூரையைக் காட்டினேன். என் கண் முன்னாலேயே அவர் முகம் வெளிறியது. வாய் என்னவோ சொன்னது. குரல் துண்டுதுண்டாக வந்தது.

"...இந்த வீட்ல... போ... வெளிய..."

"என்ன அத்தான்? கேக்கல!"

"ஏட்டி, வெளிய போ! ஒரு நிமிசம்... இருக்கக் கூடாது... போ!"

கால் போய்விட்டது.

போனைக் கையில் பிடித்தபடி அடுக்களையிலேயே நின்றேன். வீட்டை விட்டு வெளியே போ. கல்யாணமாகி எத்தனை நாள் ஆனது, அதற்குள் கணவன் வாயிலிருந்து இந்த வார்த்தை. அப்படி என்ன தப்பு செய்தேன்? கேட்காமல் வீடு பிடித்தது தப்பா? மஞ்சள் நிறம் தப்பா? மாற்றல் உத்தரவே வராமல் நாற்காலி வாங்கியது தப்பா? ஒவ்வொன்றாக யோசிக்க யோசிக்க அழுகை போய்க் கோபம் வந்தது. போனை அணைத்துக் கட்டிலில் வீசினேன். அவர் சொல்லி நான் போவதா? நானேதான் போகிறேன்! விடுதியில் என் கட்டில் காலியாகத்தான் இருக்கும். பையை எடுத்துத் துணியை அடைத்தேன். புடவை, சுடிதார், ஆதார் அட்டை, ஊறுகாய் பாட்டில். கோபமாக வீட்டை விட்டுப் போகிற பெண் ஊறுகாயை மறக்காமல் எடுத்து வைத்தாள் என்றால், அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பையை வாசலில் வைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து திரும்பவும் அழுதேன்.

மதியம் தாண்டி, யாரோ கதவை உடைப்பதுபோலத் தட்டினார்கள்.

"ஏ மருமவளே! கதவத் தொற! ஜல்தி, ஜல்தி!"

என் மாமனாரின் தம்பி. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். மத்திய அரசின் கட்டடத் துறையில் வேலை பார்த்து, கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்து, ஓய்வுக்குப் பிறகு டில்லியிலேயே துவாரகாவில் இருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சின்னத்தை, கையில் டிபன் கேரியருடன். சின்ன மாமாவின் கையில் சுத்தியல், ரசமட்டம், டார்ச் லைட். சுத்தியலோடு மெட்ரோவில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் துவாரகாவிலிருந்து ஆட்டோவிலேயே வந்திருந்தார்கள். அது டில்லியின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி.

சின்னத்தை என் பையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, சாமான் எல்லாம் கட்டி ரெடியா வச்சிருக்கா. புத்திசாலிப் பிள்ள!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கணவன் துரத்திவிட்டான் என்றால் இத்தனை மகிழ்ச்சியாகவா அழைத்துப்போக வருவார்கள்?

"வெள்ளிக்கிழம பூகம்பம் வந்துச்சுல்லா?" என்றார் சின்ன மாமா, உள்ளே நுழைந்தபடியே. வந்ததுதான். மின்விசிறி கொஞ்சம் ஆடியது. பிளாக்கில் எல்லோரும் கீழே இறங்கி, ஒருவரையொருவர் விசாரித்துவிட்டு, டீ போட மேலே போய்விட்டோம். டில்லியில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "அத டிவில பெருசா காட்டிருக்கான். முருகேசன் கேம்ப் ஆபீஸ் போன்ல இருந்து கூப்ட்டு அழுதுட்டாம்மா. 'சித்தப்பா, வீடு பூரா விரிசல், ஹால்ல ஆரம்பிச்சு அடுக்கள வரைக்கும் ஒரே கோடா ஓடுது, அவ உள்ளயே நின்னு கலர் நல்லாருக்கான்னு கேக்கா. போனும் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு'ன்னு. நான் பதறிட்டேன். அரே, கட்டடம் என் சப்ஜெக்ட் இல்லியா?"

அவர் சொன்னதில் அழுதுட்டான் என்ற சொல்தான் என் காதில் நின்றது. என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. சுவர் என் தலையில் விழுந்துவிடுமே என்றுதான் வெளியே போகச் சொல்லியிருக்கிறார். நான் கட்டிலில் கிடந்த போனை ஓடிப்போய் எடுத்து ஆன் செய்தேன். கிடைக்காத எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்தேன். பாறைக்குப் பக்கத்தில் இப்போது வேறு யாரோ நின்றுகொண்டிருப்பார்கள்.

இதற்குள் ஹாலில் ஆய்வு ஆரம்பமாகிவிட்டது. சின்ன மாமா டார்ச் அடித்துச் சுவரை இஞ்ச் இஞ்ச்சாகப் பார்த்தார். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டத்தை வைத்தார். சுவரில் காது வைத்துக் கேட்டார். விரிசல் எதுவும் இல்லை. மயிரிழைக் கீறல்கூட இல்லை.

"இல்லியே மாமா" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத விரிசல்தாம்மா கத்தர்நாக், ரொம்ப ஆபத்து" என்றார். "பெயின்ட் மூடியிருக்கும். தட்டிப் பாத்தா சத்தத்துல தெரிஞ்சிரும்."

சுத்தியலால் தட்டினார். டொக். டொக். "இது அச்சா சுவரு." இன்னும் கொஞ்சம் பலமாக. டொக். "இதுவும் சரி." அந்த இரண்டு டொக்கில் நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது இடத்தில், சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஓங்கி ஒன்று வைத்தார். டொப்பென்று, இட்லித்தட்டு அளவுக்குச் சுவர்ப்பூச்சு பெயர்ந்து, நேராக என் கணவருக்காக வைத்திருந்த மூங்கில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தது. அந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது அதுதான்.

"பாத்தியா? சொன்னேன்லா?" என்றார் சின்ன மாமா வெற்றியோடு.

சத்தம் கேட்டுச் சர்மா ஆன்ட்டி மாடியேறி வந்தார். "அரே, யே க்யா கர் தியா!", இதென்ன வேலை, என்று நெஞ்சில் கை வைத்தார். சின்ன மாமா கோல் மார்க்கெட் ஹிந்தியில், இந்தக் கட்டடம் ஆபத்தான நிலையில் இருப்பதாக விளக்கினார். தன் கட்டடத்தில் பூகம்பத்தால் விழாத சுவர் இவரால் விழுந்திருப்பதாக ஆன்ட்டி திருப்பி விளக்கினார். இரண்டு பேர் குரலும் ஏற, நான் நடுவில் பிளாஸ்டர் தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

சின்னத்தைதான் கடைசியில் கேட்டாள். "அவன் போன்லதானே பாத்தான்? அந்தப் போனக் கொண்டா, நாமளும் அதுலயே பாப்போம்."

கேமராவைத் திறந்து சுவர்ப்பக்கம் நீட்டினேன். நாலு பேரும் திரையில் குனிந்தோம். சுவரில், மேல்மூலையிலிருந்து நடுவரை, நெளிந்து நெளிந்து இறங்கும் ஒரு கறுப்பு விரிசல்! "ஹாய் ராம்!" என்றார் சர்மா ஆன்ட்டி. நிமிர்ந்து சுவரைப் பார்த்தோம். விரிசல் இல்லை. திரையைப் பார்த்தோம். இருந்தது. நான் போனை மெல்ல நகர்த்தினேன். விரிசலும் கூடவே நகர்ந்து கதவுக்கு வந்தது. கதவிலிருந்து ஜன்னலுக்கு வந்தது. ஜன்னலிலிருந்து சின்ன மாமாவின் நெற்றிக்கு வந்து, அவர் மூக்கு வழியாகக் கீழே இறங்கியது.



சின்னத்தை போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இடுப்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த என் பின்னலைப் பார்த்தாள்.

"ஏளா," என்றாள், "இது முடில்லா?"

ஈரத் தலையோடு குனிந்து, கேமராவைத் திருகித் திறந்து, உள்ளே ஊதினேன் அல்லவா? ஒரு பொட்டுத் தூசி வெளியே போனது. என் தலையிலிருந்து ஒரு துண்டு முடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பால்கனியில் சோதித்தபோது அது வயரோடு வயராகக் கலந்து என் கண்ணில் படவே இல்லை.

சர்மா ஆன்ட்டிக்கு முதலில் புரிந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னத்தை புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். சின்ன மாமா மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலையும் சுவரில் இருந்த பொக்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பூச்சு வீக்கா இருந்தது என்னவோ உண்மதான்" என்றார்.

டிபன் கேரியரைத் திறந்து எல்லோரும் புளியோதரை சாப்பிட்டோம். ஆன்ட்டிக்கும் ஒரு தட்டு. நான் பையிலிருந்து ஊறுகாயை எடுத்து வைத்தேன்.

மாலையில் என் போன் அடித்தது. முகாம் அலுவலகத்து எண். படம் இல்லை, குரல் மட்டும்.

"வெளிய வந்துட்டியா?" மூச்சு வாங்கியது அவருக்கு.

"இல்ல, உள்ளதான் இருக்கேன். விரிசல் ஒன்னும் இல்ல அத்தான்." பின்னலைத் தோளுக்கு முன்னால் இழுத்துக்கொண்டேன். "அது என் முடி."

"என்னது?"

"தலமுடி. கேமராக்குள்ள போயிட்டு."

 கால் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு அவர் மூச்சு விடுவது கேட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. படம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நீங்க வெளிய போன்னதும், என்னயத்தான் போகச் சொல்லுதீங்கன்னு நெனச்சி..." என்று ஆரம்பித்தேன். 

"லூசு" என்றார். இன்னொரு முறை, மெதுவாக, "லூசு."

"நாளைக்கே கடையில குடுத்து எடுத்துருதேன் அத்தான்."

"எடுக்காத."

"ஏன்? செவுரு ஒன்னும் ஒழுங்கா தெரியாதே."

"செவுர யாரு கேட்டா? நான் எப்பவாவது வீட்டக் காட்டுன்னு கேட்டனா? நீயாத்தான் காட்டுத." பின்னால் யாரோ ஹிந்தியில் அவசரப்படுத்தினார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்னால உள்ள கேமராவுல நீ தெரியுத. பின்னால உள்ளதுலயும் நீதான் இருக்கன்னா, இருந்துட்டுப் போயேன்."

இவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் அதற்கு முன்னால் என்னிடம் பேசியதில்லை. நான் பதில் சொல்வதற்குள் போன் அடுத்த ஆளிடம் போய்விட்டது.

முடியை எடுக்கவில்லை. அந்த வருடம் நான் எடுத்த படம் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. பொங்கலுக்கு முன் அவர் வந்து இறங்கியபோது புது டில்லி ரயில் நிலையத்தில் எடுத்த படத்திலும், தோள் பையோடு அவர் நடந்து வர, வானத்திலிருந்து அவர் தோள்வரை கோடு இறங்குகிறது. வீட்டுக்குள் வந்ததும் அவர் மஞ்சள் நிறத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சின்ன மாமா போட்ட பொக்கைக்கு முன்னால் போய் நின்று, அதைத் தடவிப் பார்த்து, அப்படிச் சிரித்தார். அவர் முகம் மாறுவதை அந்தமுறை பக்கத்தில் நின்றே பார்த்தேன்.

டில்லி மாற்றல் வந்தது. பிறகு வேறு மாற்றலும் வந்தது. இடையில் மகள் பிறந்தாள். சின்ன மாமா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்கிறார். அவர் சொல்லும் கதையில் முடி கிடையாது. பூகம்பத்தில் விழ இருந்த கட்டடத்தை உரிய நேரத்தில் தட்டிப் பார்த்துக் காப்பாற்றிய கதை அது. சின்னத்தை பக்கத்திலிருந்து தன் தலைமுடி ஒன்றைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். பந்தியே சிரிக்கும்.

இப்போதும் அவர் தூரத்தில்தான் இருக்கிறார். வேறு மலை, கொஞ்சம் நல்ல சிக்னல். ஆனால் சுற்றி எப்போதும் ஆட்கள். நாலு பேர் நடுவில் மனைவியிடம் மனசில் இருப்பதைப் பேசத் தெரியாத மனிதர், சாப்பாடு, குளிர் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்பார்:

"அப்புறம்... வீட்ல விரிசல் எதும் இருக்கா?"

"இருக்கு" என்பேன். "போன வாரத்த விடப் பெருசாயிருக்கு."

டில்லியில் பிறந்து, பாதித் தமிழும் பாதி ஹிந்தியுமாக வளரும் எங்கள் மகள், "மம்மி, கஹான் ஹை? எந்தச் சுவர்ல?" என்று ஒவ்வொரு அறையாக ஓடிப்போய்த் தேடுவாள்.

"சரி, நான் வந்து பாக்கேன்" என்பார் அவர்.

லீவுதான் இன்னும் கிடைக்கவில்லை.